பின்கதவு வைத்த பிளசர்

“வர்றாம் பாருங்க எந்தம்பி, கலெக்டராட்டம்” என்றார் பொன்னுரங்கம். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலைச்சாலையில் வெட்டிப் போடப்பட்டிருந்த புளியமரத்தின் முன்னால் பேருந்து நின்றுவிட்டது. பேருந்தின் நிழலில் அவர் குந்தியிருந்தார். தொலைவில் நீளமான வெள்ளைக் கார் ஒன்று வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவன் அவருடைய தம்பி பழனி.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. கரியாலூரில் கடை வைத்திருந்த தங்கையின் மகனுக்கு அன்று காதுகுத்து. உச்சிவேளைக்குள் குழந்தை தாய்மாமன் மடியில் அமர வேண்டும். மூத்த மாமன் போய்ச் சேர்ந்தால் அந்த மடி பொன்னுரங்கத்தினுடையது, சேராவிட்டால் இளையவனுடையது.

அருகே அமர்ந்திருந்த சின்னக்கண்ணு, மலைக்குக் கடுக்காய் வாங்கப் புறப்பட்ட திருக்கோவிலூர் வியாபாரி. சற்று முன்புதான் பேருந்தில் அறிமுகமானவர். “இன்னா நீளம்! இந்த மாதிரி பிளசரு இந்தப் பக்கம் பாத்ததே இல்லீங்க” என்று வியந்தார்.

“ஸ்டேஷன் வேகன். மெட்ராஸ்ல யாரோ வெளிநாட்டு ஆபீசர் ஓட்டித் தேச்சிட்டு வித்தது.”

“பழசா? சத்தமே இல்லீங்களே! மலையேறுமா?”

“பஸ்ஸு மொனகிக்கினு ஏறுற வளைவுல, அது மூணாங் கியர்ல போவும்.” இதைச் சொல்லும்போது பொன்னுரங்கத்தின் குரல் குழைந்தது. மறுகணமே கசந்தது. “ஆனா பெட்ரோல் குடிக்கும் பாருங்க, கள்ளக்குறிச்சில ஊத்தினா கரியாலூர்ல காலி. ஒரு வௌக்கு ஒடஞ்சா மெட்ராசுக்கு ஓடணும். நம்மூரு மெக்கானிக்குங்க மூடியத் தொறந்து, கும்புட்டுட்டு, மூடிடறானுங்க.”

சின்னக்கண்ணு சிரித்தார். “தம்பி மேல பாசம் ரொம்ப ஜாஸ்தி போல.”

கறுப்புக் கண்ணாடியும், கதவில் ஊன்றிய முழங்கையுமாகத் தம்பி நெருங்கி வருவதையே பொன்னுரங்கம் பார்த்தார். அந்தக் காரின் முன்சீட்டில் அமர்ந்து ஒரே ஒரு முறை இந்த மலையேற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒவ்வொரு முறையும் ஒரு நோயாளியோ, ஒரு மணப்பெண்ணோ முந்திக்கொண்டுவிடுவார்கள். முடியாது என்று எவரிடம் சொல்வது?

“பழனியண்ணன் வண்டிடா! நிறுத்து!” மறியலில் இருந்த இளைஞர்கள் எழுந்து வழிமறித்தனர்.

“மொதல்ல பின்னால பாருங்கப்பா” என்றான் பழனி அமைதியாக.

ஒருவன் பின்கதவை உயர்த்தினான். சீட்டை மடக்கி விரித்திருந்த மெத்தையில், ஆசுபத்திரியிலிருந்து மலைக்கு வீடு திரும்பும் அம்சவள்ளி கைக்குழந்தையோடு படுத்திருந்தாள். அவன் குரல் தானாகத் தணிந்தது. “பச்சப் புள்ளக்காரிடா. மரத்தத் தூக்குங்க.”

அவர்கள் மரத்தைக் கார் மட்டும் நுழையும் அளவுக்கு ஒருபக்கமாகப் புரட்டி வழி செய்வதற்குள், பொன்னுரங்கம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

“பழனி, நானும் வரண்டா.”

“எங்கண்ணா எடம்? முன்னால அம்சவள்ளியோட அம்மாவும் மாமியாரும் ஒக்காந்துகினு கீறாங்க. எடமில்லன்னுதான காலையிலயே உன்ன பஸ்ல ஏத்துனோம்?”

“நடுவுல ஒடுங்கிக்கிறேன்.”

“அப்ப கியர நீ போடுறியா?”

முன்சீட்டுப் பெண்கள் இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தனர்.

“மேல ஏறிக்கிட்டா?”

“மேல சீரு கட்டிக்கீது.” காரின் கூரையில் வாழைத்தாரும், மஞ்சள் துணி சுற்றிய தட்டுகளும் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன.

“சீரு போவுது, மாமன் போவலியா?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்க, மறியலே ஒரு நிமிடம் கலகலத்தது.

“நீ நடந்து வர்றதுக்குள்ள நல்ல நேரம் பூடும்ணா. கவலப்படாத, புள்ளைய நான் மடியில வச்சிக்கிறேன்” என்றான் பழனி. கார் நகர்ந்தது.

மரத்தின் ஒடிந்த கிளை ஒன்று காரின் அடிவயிற்றில் கரகரவென்று உரசியது. தம் விலாவில் உரசியதுபோல் பொன்னுரங்கம் முகத்தைச் சுளித்தார். பிறகு அந்த நீண்ட வெள்ளை உடல், மூச்சுக்கூட வாங்காமல் மேட்டில் ஏறி, முதல் வளைவில் மறைந்தது. நடந்தால் பொழுது சாய்வதற்குள்கூட அவர் கரியாலூரைப் பார்க்க முடியாது.

அவர் திரும்பி வந்து, பேருந்தின் நிழலில் மெல்ல அமர்ந்தார். சின்னக்கண்ணு வெற்றிலையை மடித்து நீட்டினார். அவருக்கு உண்மையிலேயே இரக்கமாக இருந்தது.

“கூடப் பொறந்தவன் மேலயே இம்மாம் எரிச்சல வச்சிக்கினு ஏங்க அவஸ்தப்படறீங்க? பேசாம நீங்களும் அதே மாதிரி ஒண்ணு வாங்கிட வேண்டியதுதான?”

பொன்னுரங்கம் வெற்றிலையை வாங்கிக்கொண்டார். கார் மறைந்த வளைவிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்:

“அத வாங்குனவனே நாந்தாங்க, ஓட்டத்தான் தெரியாது.”