நல்ல இடத்துக் கட்டி

பூரணியின் மார்பிலிருந்து புற்றுக்கட்டியை அகற்றிய மறுவாரமே உறவினர்கள் வாழ்த்துச் சொல்ல வந்துவிட்டார்கள். பரிசோதனையில் தெரிந்ததாம், கட்டி பிறந்தது முதிர்ந்த செல்லில். சாதுவாம், மருந்துக்குக் கட்டுப்படுமாம். இளஞ்செல்லில் பிறந்ததென்றால் அடங்காப்பிடாரி. அப்படிப்பட்ட கட்டி வந்த வீட்டோடு யாரும் சம்பந்தம் வைப்பதில்லை. சாதி பார்ப்பதை விட்டுவிட்டதாக மார்தட்டிக்கொண்ட ஊர், கட்டிக்குக் குலம் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தது.

மகள் நிறைமதியைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா விசாலம், பஜ்ஜியைத் தொடுவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க கட்டி எந்த செல்லுங்க?"

"முதிர்ந்த செல்லுங்க" என்றாள் பூரணி.

"அப்பாடா! நல்ல இடம்தான்."

நிறைமதிக்குப் பொறுக்கவில்லை. "உங்க பக்கம் எப்படிங்க அத்தை?"

"எங்க பரம்பரையிலயே யாருக்கும் கட்டி வந்ததில்ல" என்ற விசாலத்தின் கை, தன்னையறியாமல் புடவைத் தலைப்பை இடது மார்பின் மேல் இழுத்துவிட்டது.

பூரணிக்கு அது புரிந்தது. அவளும் மாதக்கணக்கில் அப்படித்தான் மறைத்திருந்தாள். காபி கலக்கலாம் வாங்க என்று விசாலத்தைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"எத்தனை நாளா இருக்கு?"

விசாலம் உடைந்து அழுதாள். "இளஞ்செல்லுன்னு வந்துட்டா என் பையனுக்கு யாருங்க பொண்ணு குடுப்பா? கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்."

"கட்டி முகூர்த்த நாள் பாத்துக்கிட்டு காத்திருக்காதுங்க. நாளைக்கு என்னோட டாக்டர்கிட்ட வாங்க."

"அப்ப சம்பந்தம்?"

"அதை நிறைமதிகிட்ட கேட்டுக்கலாம்" என்றாள் பூரணி. "இதுவரைக்கும் அவகிட்ட யாருமே கேக்கலையே."