சளைக்காத கை

பக்கவாதத்தில் பேச்சும் கைகாலும் போன சென்னியப்பனுக்குச் சோறூட்ட, கட்டிலோரம் ஓர் இயந்திரக் கையைப் பொருத்தியிருந்தார்கள். மூன்று நாளாகக் கரண்டியைக் கண்டாலே அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். கை சளைக்காமல் வளைந்துபோய் வாயைத் தேடிப் பிடித்தது. பார்த்துக்கொண்டிருந்த மனைவி பூங்கோதைக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"அசைவு, ஆட்டம் எதையும் அது சட்டை பண்ணாதுங்க. எப்படியும் வாய்க்குக் கொண்டுபோயிரும். அதுக்குத்தானுங்க அதைச் செஞ்சதே," என்றான் அங்கிருந்தவன்.

மதியம் கை மறுபடி கிளம்பியது. பூங்கோதை அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் கணவரின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். கரண்டி அவள் புறங்கையில் அழுத்தியது. மறுகையால் தலைமாட்டிலிருந்த சுவிட்சை அணைத்தாள்.

"வேண்டாமுங்களா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"சரி, வேண்டாம்."

பட்டினி போட்டுவிட்டோமோ என்று வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். மூன்று மணிக்கு அவர் சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அவராகவே வாயைத் திறந்தார்.