மீன்கழுகுக்குக் காவல்

நைவாஷா ஏரிக்கரையில் மீன்கழுகுகளுக்கு ஒரு துப்பாக்கி ட்ரோன் காவல். கழுகின்மேல் கை வைத்தவனைச் சுட்டுவிடும். கழுகை அது குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டது.

அதை அறியாத மணவாளன், பறவை பார்க்க வந்த உற்சாகத்தில் தலையைப் பின்னால் சாய்த்துக் கழுகைப் போலவே கத்தினான். அக்கரையிலிருந்து நிஜக் கழுகு பதில் கொடுத்தது.

“பின்னிட்டீங்க மச்சான்!” என்று மனைவியின் தம்பி துரைக்கண்ணு அவன் முதுகில் ஓங்கித் தட்டினான்.

ட்ரோன் சுட்டது. துரைக்கண்ணுவின் மண்டை சிதறி, மணவாளனின் பைனாகுலரெல்லாம் ரத்தம்.

“கழுகு பத்திரம்” என்றது ட்ரோன்.

“ஐயோ, என்னங்க!” என்று கைகளை விரித்தபடி அவனிடம் ஓடிவந்தாள் மனைவி அங்கயற்கண்ணி.

“வராதடி! என்னைத் தொடாத!”

பயத்தில் அவன் குரல் கிறீச்சிட்டது. அக்கரைக் கழுகு அதற்கும் பதில் கொடுத்தது.

ட்ரோன் அவள் பக்கம் திரும்பியது.