அனுமதி இல்லை

கால்நடை மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், மடிக்கணினித் திரையில் வெயில் விழாதபடி ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறுகையால் தட்டச்சு செய்கிறாள் மருத்துவரின் தங்கை. மருத்துவமனையின் இணையதளத்தில் யாருடைய முன்பதிவையும் யாரும் திறக்கலாம் என்றிருந்ததால், போன வாரம் யாரோ ஒரு பூனையின் அறுவை சிகிச்சையையே ரத்து செய்துவிட்டார்கள். அதற்கு முடிவு கட்டத்தான் காலையிலிருந்து மல்லுக்கு நிற்கிறாள். இனிமேல் கடவுச்சொல் கொடுத்து நுழைபவருக்குத் தளம் ஒரு டோக்கன், அதாவது கணினிக்கு மட்டும் புரியும் அனுமதிச்சீட்டு, தரும். அந்த டோக்கனுக்கு உரியவரின் பக்கம் மட்டுமே திறக்கும். “டோக்கன் வேலை செய்யுதாடி?” என்று உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுக்க, கிளிக்கூண்டோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர், “அடுத்த டோக்கன் எனக்குத்தாம்மா” என்று எழுந்தே விடுகிறார். தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அறுவை சிகிச்சை ரத்தான அந்தப் பூனைக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் தூங்கும் பூனையை அணைத்தபடி, “ஐயா, உங்க போன்லேர்ந்து என் பூனையோட பக்கத்தைத் திறங்க, பார்ப்போம்” என்கிறாள். பெரியவர் தன் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போகிறார்; கிளியின் பக்கம் வருகிறது. பூனையின் முன்பதிவு எண்ணை அவள் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் தட்டுகிறார். “அனுமதி இல்லைன்னு வருதேம்மா” என்று அவர் முகம் தொங்குகிறது. தங்கை நாற்காலியிலிருந்து துள்ளுகிறாள், பூனைக்காரி கைதட்டுகிறாள், அக்கா கையுறையோடு ஓடிவந்து எட்டிப் பார்க்கிறாள். இத்தனை பேரும் எதற்கு மகிழ்கிறார்கள் என்று பெரியவருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் முகமெல்லாம் பல்லாகக் கேட்கிறார்: “இன்னொரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா?”