இரண்டு புள்ளிகள்

பாம்பு முட்டையைப் புரட்டிவிட்டால் உள்ளே வளரும் குஞ்சு செத்துப்போகும். அதனால் சுகந்தி, தான் வளர்க்கும் விஷமில்லாத கிங் ஸ்நேக் பாம்பு இட்ட எட்டு முட்டைகளுக்கும் உச்சியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். நாற்பதாம் நாள், பூஞ்சையைத் துடைக்க ஒன்றை அப்படியே நேராகத் தூக்கியபோது, அடியிலும் ஒரு புள்ளி இருந்தது. யாரோ புரட்டிவிட்டு, தெரியாமலிருக்கப் புதுப்புள்ளி வைத்திருக்கிறார்கள். பிறகு மனசு கேட்காமல் பழையபடி திருப்பியும் வைத்திருக்கலாம். எந்தப் புள்ளி மேலே இருக்க வேண்டும் என்று இப்போது தெரியவில்லை. வீட்டில் இருப்பதோ அவளும் கணவனும், இரண்டே பேர்.

"ஏங்க, முட்டைப் பெட்டியைத் தொட்டீங்களா?" முட்டையை நேராகப் பிடித்தபடியே வந்து கேட்டாள்.

"உன் செல்லப் பிள்ளைகளை நான் ஏன் தொடப்போறேன்?" பிரபாகர் வாழைப்பழத்தை உரித்தபடி சிரித்தான்.

"திட்டமாட்டேன். இதுல எது நீங்க வச்ச புள்ளின்னு மட்டும் சொல்லுங்க. சொன்னா இது பிழைச்சுக்கும்."

"என்ன புள்ளி?" என்றவன் முட்டையின் பக்கம் திரும்பவே இல்லை.

பதினோரு வருடமாக அவன் கையெழுத்து அவளுக்குத் தெரியும். அவன் வைக்கும் புள்ளி தெரியவில்லை.

சுகந்தி அவன் எதிரே போய் நின்றாள். அவன் முகம் மாறுகிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்த்தபடி, முட்டையை மெல்லச் சாய்க்கத் தொடங்கினாள்.