இன்னொரு டேக்

“சார், இந்தப் பையன் சாகாம இருக்க ஒரு வழியும் இல்லையா?”

மைக் முன்னால் நின்றவள் கேட்டாள். ராட்சத ரோபோ வரும் ஜப்பானிய அனிமே கார்ட்டூன் படம். ரோபோவுக்குள் உட்கார்ந்து அதை ஓட்டும் சிறுவனுக்கு இவள்தான் டப்பிங் குரல். ஊரைக் காப்பாற்ற அவன் ரோபோவோடு சேர்ந்து வெடித்துச் சிதறுகிறான். திரை இருண்டு படம் முடிகிறது.

“படத்துல கை வைக்கக் கூடாதும்மா, ஒப்பந்தம் அப்படி,” என்றார் கண்ணாடிக்கு அப்பால் இருந்த டப்பிங் இயக்குநர்.

“முதல் காட்சிக்கு என் பொண்ணு வர்றா சார். ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. அம்மா குரல் சாகறதை அவ கேட்கணுமா? ரோபோ போனா இன்னொண்ணு செஞ்சுக்கலாம். பையன் உயிர் என்ன கிள்ளுக்கீரையா?”

“பேச்சு போதும். உள்ளே புகை சூழுது. வசனம் முடிஞ்சதும் மூச்சை அடக்கு. நான் கை காட்டுற வரைக்கும் விடாதே.”

பேசினாள். அடக்கினாள். மனிதர் கையைத் தூக்கினால்தானே! கண் இருட்டிக்கொண்டு வந்த பிறகுதான் காட்டினார். அவள் வாயைப் பிளந்து காற்றை விழுங்கினாள்.

“சரியில்லை. இன்னொரு டேக்.”

மதியம் வரை இதே கதை. தண்ணீர் பாட்டிலும் காலி, பொறுமையும் காலி.

“எமன்கூட ஒரு தடவைதான் சார் உயிரை எடுப்பான்!”

“இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா.”

கல்நெஞ்சக்காரர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள். தொண்டை கட்டிப்போய் இரண்டு நாள் பேச்சே வரவில்லை.

படம் வெளியான அன்று மகளோடு தியேட்டருக்குப் போனாள். பின்வரிசையில் டப்பிங் இயக்குநரும் வந்து உட்கார்ந்திருந்தார். ரோபோ வெடித்தது. திரை இருண்டது. மகள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஏன்தான் கூட்டிவந்தோமோ என்றிருந்தது அவளுக்கு.

அப்போது அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு மூச்சு கேட்டது. தண்ணீருக்கடியிலிருந்து தலை தூக்கியவன் போல, காற்றை அள்ளி அள்ளி விழுங்கும் மூச்சு.

“அம்மா! அவன் உயிரோட இருக்கான்!”

மகள் துள்ளி எழுந்தாள். அரங்கத்துப் பிள்ளைகள் எல்லாம் கூச்சலிட்டுக் கைதட்டினார்கள்.

அது தன் மூச்சு என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் இப்படி ஒரு காட்சிக்கு அவள் குரல் கொடுக்கவே இல்லையே! திகைத்துப்போய்ப் பின்வரிசையில் இருந்த இயக்குநரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் குனிந்து கிசுகிசுத்தார்.

“சாகற மூச்சு முதல் டேக்லயே கச்சிதமா வந்துடுச்சும்மா. மத்ததெல்லாம் பிழைச்ச மூச்சுக்காக எடுத்தது.”