பயப்படாம திற!

"அண்ணி, ஷட்டரை நீங்கதான் திறக்கணும். வேற யார் சாவி வாங்கினாலும் நான் விடமாட்டேன்!"

கொழுந்தன் சாவியை நீட்டியதும் அண்ணிக்குக் கை கூசியது. பன்னிரண்டு வருஷம் இன்னொருவர் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுத்தவன், இன்று சொந்தக் கடை திறக்கிறான். பார்த்த வேலையையும் விட்டாயிற்று. இனி இது ஓடினால்தான் சோறு.

"குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல 'கடை திறக்கலாமா?'ன்னு கேட்டேன். மாமா, 'கையில இருக்கறதை விடாதே'ன்னார். அண்ணன், 'யோசிச்சு செய்'ன்னார்."

அந்தக் குடும்பத்தில் 'யோசிச்சு செய்' என்றால் 'செய்யாதே' என்று அர்த்தம்.

"'பயப்படாம திற, ஒண்ணும் ஆகாது'ன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான் அண்ணி. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்." அவன் கண் கலங்கிவிட்டது.

இடம் பிடித்துக் கொடுத்தது அவள்தான். கணவரோடு மல்லுக்கட்டி அவரை வழிக்குக் கொண்டுவந்ததும் அவள்தான். அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒருத்தரையும் விடாமல் பிடித்து, கடைக்கு வரச் சொல்லி வைத்திருக்கிறாள். ஆனாலும் இந்த நன்றியை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. அவனை ஓரமாக அழைத்துப் போனாள்.

"தப்பா நினைக்காதே தம்பி. அது உனக்கு அனுப்பினதே இல்ல. நம்ம பொண்ணு அன்னைக்குத்தான் முதல் தடவையா தனியா சமைச்சா. 'குக்கரைத் திறக்கலாமா?'ன்னு கேட்டிருந்தா. அவளுக்குப் போட வேண்டியதை குரூப்ல போட்டுத் தொலைச்சுட்டேன். பார்த்து அழிக்கறதுக்குள்ள, நீ 'கோடி நன்றி அண்ணி'ன்னு போட்டுட்டே. அப்புறம் எந்த முகத்தோட அழிக்கறது? சரி, சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்னு உனக்காக ஓட ஆரம்பிச்சேன்."

சொல்லிவிட்டாளே தவிர, கடை திறக்கிற நேரத்தில் அவன் மனசு உடைந்துவிடுமோ என்று அவன் முகத்தையே பார்த்தாள்.

அவன் சிரித்தான்.

"தெரியும் அண்ணி. அடுத்ததா 'உருளைக்கிழங்கு வெந்துச்சான்னு குத்திப் பாரு'ன்னு ஒண்ணு போட்டு, உடனே அழிச்சீங்களே! எல்லாரும் வேண்டாம்னு சொன்ன அன்னைக்கு எனக்குக் கிடைச்ச ஒரே 'திற' அதுதான். அதையும் நீங்க அழிச்சுடக் கூடாதேன்னுதான், அவசர அவசரமா நன்றி போட்டேன்!"